கட்டணத்தை நீங்கள் சொல்லுங்கள்: வடக்கு மாகாண ஆளுநருக்கும் வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபைக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களுக்கு,

யாழ்ப்பாணத்தில் ஓட்டோவுக்குக் கிலோமீற்றருக்கு என்ன கட்டணம் என்று கேட்டால் இன்று மூன்று பதில்கள் உண்டு. புகையிரத நிலைய வாசலில் நிற்பவர் ஒன்று சொல்வார். வாடகை வண்டியை அழைக்கும் கைத்தொலைபேசிச் செயலி வேறொன்று காட்டும். மூன்றாவது பதில் அரசாங்கத்துடையது. அதை எந்தத் தரிப்பிடத்திலும் எழுதி ஒட்டியிருந்து நான் கண்டதில்லை. அந்த மூன்றாவது பதிலைக் கேட்டுத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

வாடகை வாகனங்களைப் பொறுத்தவரை அரசு செய்ய வேண்டியது அதிகம் இல்லை. யார் ஓடலாம் என்று அனுமதி கொடுக்க வேண்டும். கட்டணத்தை நிர்ணயிக்க வேண்டும். பயணியோ சாரதியோ முறையிட்டால் விசாரிக்க வேண்டும். பிழை செய்தவரை நிறுத்தி வைக்க வேண்டும். இன்று இந்த நகரத்தில் இவ்வளவையும் ஒவ்வொரு பயணத்துக்கும் தவறாமல் செய்துகொண்டிருப்பது ஒரு தனியார் செயலி. யாரைச் சேர்ப்பது, எவ்வளவு அறவிடுவது, எந்த முறைப்பாட்டைக் கேட்பது, யாருடைய கணக்கை முடக்குவது என்று அதுவே தீர்மானிக்கிறது. அந்த அதிகாரத்தை எந்தச் சபையும் தீர்மானம் நிறைவேற்றி அதற்குக் கொடுக்கவில்லை. உங்கள் கதிரை காலியாகக் கிடந்தது, வந்து உட்கார்ந்துகொண்டது.

செயலியைத் தடை செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. அது இங்கே வந்தபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருத்தி. கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து விடியற்காலை இருட்டில் இறங்கும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். நாலு பேர் சூழ்ந்துகொண்டு பையைப் பிடிப்பார்கள். ஒருவர் சொன்ன விலையை அடுத்தவர் குறைக்கமாட்டார். வேண்டாம் என்று நடந்தால் பின்னால் ஒரு பேச்சு வரும். செயலியில் சாரதியின் பெயர் தெரிகிறது, வண்டி இலக்கம் தெரிகிறது, போகும் பாதையை வீட்டிலிருக்கும் அம்மா பார்த்துக்கொண்டிருக்கலாம். ஏறுவதற்கு முன்பே தொகை தெரிகிறது. இந்தப் பாதுகாப்பைப் பல ஆண்டுகளாக அரசாங்கத்திடம் கேட்டுக் களைத்த பெண்களுக்கு ஒரு கம்பனி அதைக் கொடுத்தது. அதை நான் மறுக்கவோ மறக்கவோ மாட்டேன்.

மீற்றர் கட்டாயம் என்ற அறிவிப்பு இந்த மாவட்டத்தில் எத்தனையோ முறை வந்தது. திகதி குறிக்கப்படும், பத்திரிகையில் வரும், சில வண்டிகளில் மீற்றரும் ஏறும். பிறகு அது எரியாத விளக்காக முன்கண்ணாடிக்குக் கீழே கிடக்கும். கேட்டால் "மீற்றர் பழுது, அக்கா" என்பார்கள். பொலிஸும் கேட்காது, நாங்களும் வாதாடிக் களைத்துப்போய் ஏறிவிடுவோம். செயலி வெற்றி பெற்றதற்கு அதன் தொழில்நுட்பம் பாதிக் காரணம் என்றால், மீதிக் காரணம் அந்த எரியாத மீற்றர்தான்.

சென்னையிலும் இதே கதைதான் நடந்தது. தமிழ்நாடு அரசு 2013இல் ஓட்டோக் கட்டணத்தை நிர்ணயித்தது: முதல் 1.8 கிலோமீற்றருக்கு 25 ரூபாய், அதன் பிறகு கிலோமீற்றருக்கு 12 ரூபாய். தொடக்கத்தில் சாரதிகள் மீற்றர் போட்டார்கள். பெற்றோல் விலை ஏறிக்கொண்டே போனது, கட்டணமோ பத்து ஆண்டுகளுக்கு மேலாகத் திருத்தப்படவில்லை. கட்டுப்படியாகாத மீற்றரைச் சாரதிகள் கைவிட்டார்கள், பேரம் திரும்பி வந்தது, அந்த இடைவெளியில் செயலிகள் புகுந்து நகரத்தையே பிடித்துக்கொண்டன. அரசு நிர்ணயித்துவிட்டுத் தூங்கினாலும் நிர்ணயிக்காமலே இருந்தாலும் முடிவு ஒன்றுதான்.

சென்ற ஆண்டு அம்மாவைக் கண் கிளினிக்குக்குக் கூட்டிப்போய்விட்டு வெளியே வந்தோம். ஒரு கண்ணில் கட்டு. வாசலில் நின்று செயலியில் வண்டி கேட்டேன், கிடைத்தது. உடனே சாரதி அழைத்தார். "அக்கா, அங்கே வரமுடியாது, தரிப்பிடத்து ஆட்கள் பிரச்சினைப்படுத்துவார்கள். அடுத்த சந்திக்கு நடந்து வாருங்கள்" என்றார். நடுப்பகல் வெயிலில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சந்தி வரை நடந்தேன். எங்களைக் கடந்து நாலைந்து வெறும் ஓட்டோக்கள் போயின. தரிப்பிடத்தில் நின்றவர்களும் எங்களைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள். அவர்களில் ஒருவர் அம்மாவிடம் படித்தவர்.

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் அந்த இடத்தில் நிற்பதற்குப் பணம் கட்டுகிறார், வரிசையில் காத்திருக்கிறார். லீசிங் தவணை மாதம் தவறாமல் வருகிறது. 2022இல் ஒரு ஓட்டோவுக்கு வாரத்துக்கு 5 லீற்றர் பெற்றோல் என்று கியூஆர் முறையில் பங்கிட்டபோது, அந்த 5 லீற்றரை வைத்துக்கொண்டு குடும்பத்தைக் காப்பாற்றியவர்கள் இவர்கள். அதற்கும் முன்னால், பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் வாடகைக் கார் ஓட்டி நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குச் சேர்த்த தலைமுறையின் பிள்ளைகள். அவர்கள் கண்முன்னால், வரிசையில் நில்லாத, தரிப்பிடத்துக்குப் பணம் கட்டாத ஒருவர் வந்து அவர்களுக்குரிய சவாரியை அரைவிலைக்கு ஏற்றிப் போகிறார். கோபம் வராமல் என்ன செய்யும்? ஆனால் தரிப்பிடமும் ஒரு சிறிய ஏகபோகம்தான். பொது வீதியின் ஒரு துண்டை வளைத்து, இங்கே நாங்கள் மட்டும்தான் ஏற்றலாம், விலையும் நாங்கள்தான் சொல்வோம் என்பதற்கு வேறென்ன பெயர் வைப்பது? தரிப்பிடக்காரரும் செயலிக்காரரும் வீதியில் முட்டிக்கொள்ளும்போது நாங்கள் அதை இரண்டு சாரதிகளின் சண்டையாகவே பார்க்கிறோம். இருவருக்கும் விதி எழுத வேண்டியவர் அந்த இடத்தில் இல்லை என்பதை யாரும் கவனிப்பதில்லை.

இனிச் செயலிச் சாரதியின் பக்கம். ஒரு மாலை கொக்குவில் புகையிரதக் கடவை மூடியிருந்தது. ரயில் வரும்வரை எஞ்சினை நிறுத்திய சாரதி, "இதை ஒருக்கால் வாசித்துச் சொல்லுங்கள், அக்கா" என்று தன் தொலைபேசியைப் பின்னால் நீட்டினார். முழுவதும் ஆங்கிலம். கொமிஷன் கணக்கிடும் முறை மாறுகிறது என்பது அதன் சாரம். எந்தத் திகதியிலிருந்து என்பது இருந்தது, ஏன் என்பது இல்லை. கீழே ஒரே ஒரு பொத்தான்: ஏற்றுக்கொள்கிறேன். மறுக்கிறேன் என்பதற்கு இடமே இல்லை. அழுத்தாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். "அடுத்த ஹயர் வராது" என்றார். திரையின் மேல்பக்கத்தில் சிவப்பில் ஒரு தொகை தெரிந்தது. பயணிகள் கையில் கொடுக்கும் காசிலிருந்து கம்பனிக்கு அவர் செலுத்த வேண்டிய கொமிஷன் அது. ஓர் அளவைத் தாண்டினால் கணக்கு தானாக நின்றுவிடுமாம். முதல் மாதம் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று இரண்டு நாள் பிந்தியபோது நின்றதாம். யாரிடம் பேசினீர்கள் என்றேன். ஓர் இலக்கத்துக்கு அழைத்தாராம், காத்திருக்கச் சொன்னார்களாம், கிடைத்தவர் சிங்களத்தில் பேசினாராம். ரயில் போனது, கடவை திறந்தது, அவர் பொத்தானை அழுத்திவிட்டு எஞ்சினை இயக்கினார்.

அரசாங்கத்தில் ஒரு விதி மாறினால் வர்த்தமானி வரும், பத்திரிகையில் வரும், சங்கம் போராடும், நீதிமன்றம் போகலாம். ஓட்டோ ஓட்டும் ஒருவரின் வருமானத்தை மாற்றும் விதி இங்கே ஒரு பொத்தானால் மாறுகிறது. அது எந்தச் சபையிலும் வாசிக்கப்படவில்லை, அவருடைய மொழியில்கூட எழுதப்படவில்லை. வீதியில் ஒரு பொலிஸ்காரர் அநீதியாக அனுமதிப்பத்திரத்தைப் பிடுங்கினால் எங்கே போய் முறையிடலாம் என்று அவருக்குத் தெரியும். கணினி பிடுங்கினால் போவதற்கு வாசலே இல்லை. 2022ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தானியங்கி முறையில் மட்டும் எடுக்கப்படும் தீர்மானத்தை மறுபரிசீலனை செய்யக் கேட்கும் உரிமை எழுதப்பட்டிருக்கிறது. நாடாளுமன்றம் நிறைவேற்றிய பின்னும் அதன் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வருவது பின்போடப்பட்டது.

வேறு செயலிக்குப் போகலாமே என்பார்கள். பயணிகள் எங்கே இருக்கிறார்களோ அங்கேதான் சாரதி போவார். சாரதிகள் எங்கே அதிகமோ அங்கேதான் பயணி வண்டி கேட்பார். இரண்டு பக்கமும் இப்படி ஒன்றையொன்று இழுப்பதால், முதலில் பெருத்த செயலி மேலும் பெருக்கும், இரண்டாவதாக வருவது வாடும். யாழ்ப்பாணம் போன்ற சிறிய நகரத்தில் இது இன்னும் வேகமாக நடக்கும். மூன்று ஆண்டு நேர்மையாக ஓடிப் பெற்ற ஐந்து நட்சத்திர மதிப்பீட்டையும் சாரதியால் எடுத்துப்போக முடியாது. புதிய இடத்தில் அவர் மறுபடியும் முகம் தெரியாத ஆள்.

இந்தத் தொழிலின் வரலாற்றைக் கொஞ்சம் பாருங்கள். ஊபர் என்ற அமெரிக்கச் செயலிக் கம்பனி 2009இல் தொடங்கியது. அதன் முழு ஆண்டுக் கணக்கில் முதன்முதலாக இயக்க இலாபம் வந்தது 2023இல். அவ்வளவு காலம் முதலீட்டாளர்களின் காசை அள்ளி வீசி மலிவு விலையில் ஓடியது எதற்காக? சந்தையைப் பிடித்த பிறகு திருப்பி எடுக்கத்தான். 2018இல் தென்கிழக்கு ஆசியாவிலிருந்த தன் தொழிலைப் போட்டியாளரான கிராப்பிடம் விற்றுவிட்டு அது விலகியது. சிங்கப்பூரின் போட்டி ஆணையம் விசாரித்தது. இணைப்புக்குப் பிறகு பயணிகள் கொடுத்த கட்டணம் 10 முதல் 15 சதவீதம் வரை கூடியிருந்ததாகக் கண்டு, இரு கம்பனிகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 1.3 கோடி சிங்கப்பூர் டொலர் தண்டம் விதித்தது.

இலங்கையில் அப்படி ஒன்று நடந்தால் யார் விசாரிப்பார்? பிக்மீ என்ற உள்நாட்டுச் செயலி 2015இல் தொடங்கியது. ஊபரும் அதே ஆண்டில் கொழும்புக்கு வந்தது. பிக்மீயை நடத்தும் கம்பனி 2024இல் கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. நம் நாட்டில் பிறந்த கம்பனி ஒன்று வெளிநாட்டுக் கம்பனியோடு ஈடுகொடுத்து நிற்கிறது என்பதில் எனக்கும் பெருமைதான். இருந்தாலும், நாளைக்கு ஒன்று மற்றொன்றை வாங்கிவிட்டால் தடுக்க நம்மிடம் சட்டம் இல்லை. 1987ஆம் ஆண்டின் நியாய வர்த்தக ஆணைக்குழுச் சட்டத்தில் ஏகபோகங்களையும் கம்பனி இணைப்புகளையும் விசாரிக்கும் அதிகாரம் இருந்தது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் அதன் இடத்துக்கு வந்தபோது, போட்டிக்கு எதிரான நடைமுறைகளை விசாரிப்பது மட்டும் எஞ்சியது. இணைப்புகளைத் தடுக்கும் பல் பிடுங்கப்பட்டது.

அது கொழும்பின் வேலை, எங்களால் என்ன செய்ய முடியும் என்று நீங்கள் சொல்லலாம். மாகாணத்துக்குள் நடக்கும் வீதிப் பயணிகள் போக்குவரத்து, அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் மாகாணங்களுக்குக் கொடுத்த அதிகாரங்களின் பட்டியலில் இருக்கிறது. அந்த அதிகாரங்களுக்காக எவ்வளவு இரத்தம் சிந்தப்பட்டது என்பதை இந்த மண்ணில் யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. 2018 ஒக்ரோபரில் வடக்கு மாகாண சபையின் காலம் முடிந்தது. அன்றிலிருந்து தேர்தல் இல்லை, ஆளுநர்தான் நிர்வாகத்தை நடத்துகிறார். கிடைக்காத அதிகாரங்களுக்காக நாம் மேடை மேடையாகப் பேசுகிறோம். கையில் இருக்கும் ஓர் அதிகாரம் பாவிக்கப்படாமல் ஒரு கம்பனியின் கைக்கு நழுவிப் போவதைப் பற்றி ஒரு மேடையிலும் பேச்சில்லை. இதுதான் எனக்குப் பெரிய மனவருத்தம்.

அமெரிக்காவில் ஒஸ்ரின் என்ற நகரத்தில் நடந்ததைச் சொல்கிறேன். சாரதிகளின் கைரேகையைச் சரிபார்க்க வேண்டும் என்று நகர சபை விதித்தது. கம்பனிகள் எதிர்த்தன, 2016 மே மாதம் வாக்கெடுப்பு நடந்தது, மக்கள் நகர சபையின் பக்கம் நின்றார்கள். ஊபரும் அதன் போட்டிக் கம்பனியான லிஃப்ற்றும் நகரத்தைவிட்டு வெளியேறின. அதன் பிறகு உள்ளூர்க்காரர்கள் இலாப நோக்கமில்லாத செயலி ஒன்றைத் தொடங்கினார்கள். நகரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அடுத்த ஆண்டே ரெக்ஸாஸ் மாநிலம் ஒரு சட்டம் இயற்றி அந்த அதிகாரத்தை நகரங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது, கம்பனிகள் திரும்பி வந்தன. நல்ல விதியை எழுதிய நகரத்திடமிருந்தே மேலிருப்பவர்கள் அதிகாரத்தைப் பறிக்க முடிந்தது என்றால், ஒரு விதியும் எழுதாமல் இருக்கும் மாகாணத்தின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

ஆகவே முதல் வேலை கட்டணம். பஸ் கட்டணத்துக்கு ஆண்டுதோறும் ஜூலையில் திருத்தம் வருகிறது. எரிபொருள், ரயர், சம்பளம் என்று 12 காரணிகளை வைத்துத் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு கணக்குப் பார்க்கிறது. பெற்றோல் விலை மாதாமாதம் மீளாய்வு செய்யப்படுகிறது. பெற்றோல் விலையோடு ஏறியும் இறங்கியும் போகும் ஓர் ஓட்டோக் கட்டணச் சூத்திரத்தை எழுதுவது பெரிய விஞ்ஞானம் இல்லை. மேல் மாகாணத்தில் அங்குள்ள அதிகார சபை கட்டணத்தை ரூபாய்க் கணக்கில் அறிவிக்கிறது. இங்கேயும் அறிவியுங்கள். அதைப் புகையிரத நிலையத்திலும் பஸ் நிலையத்திலும் போதனா வைத்தியசாலை வாசலிலும் குறிகாட்டுவான் இறங்குதுறையிலும் பலாலி விமான நிலையத்திலும் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி வையுங்கள். தரிப்பிடக்காரர் அதற்கு மேல் கேட்கக்கூடாது. மழை பெய்கிறது, திருவிழா என்று செயலி கூட்டினாலும் ஓர் உச்சவரம்பு இருக்கட்டும். இந்திய மத்திய அரசு 2020இல் வெளியிட்ட வழிகாட்டல்களில் அது அடிப்படைக் கட்டணத்தின் ஒன்றரை மடங்கு என்று இருந்தது, 2025இல் இரண்டு மடங்காக்கினார்கள். கூடிவிட்டது என்று நான் நினைக்கிறேன். ஆனாலும் அங்கே விவாதிக்க ஓர் எண் இருக்கிறது, நம்மிடம் அதுவும் இல்லை. பயணி கொடுப்பதில் குறைந்தது 80 சதவீதம் சாரதிக்குப் போக வேண்டும் என்பதும் அதே வழிகாட்டல்களில் உள்ளதுதான். அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சாரதியின் கணக்கை முடக்கும் அதிகாரம். ஒரு பெண் பயணி முறையிட்டால் உடனே நிறுத்தத்தான் வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. மற்றக் காரணங்களுக்கு முன்னறிவித்தல் வேண்டும், காரணம் தமிழில் எழுதிக் கொடுக்கப்பட வேண்டும், யாழ்ப்பாணத்திலேயே நேரில் கேட்பதற்கு ஓர் ஆள் இருக்க வேண்டும். அந்த ஆளும் தீர்க்காவிட்டால் உங்கள் அதிகார சபையிடம் மேன்முறையீடு செய்ய வழி வேண்டும். வடக்கில் தொழில் செய்ய அனுமதி வேண்டுமானால் இதற்குச் சம்மதிக்க வேண்டும் என்று கம்பனிகளிடம் சொல்லுங்கள். பயணத் தரவையும் கேளுங்கள். நியூயோர்க்கில் ஒவ்வொரு பயணத்தின் பதிவையும் கம்பனிகள் நகரத்தின் ஆணைக்குழுவிடம் கொடுக்கின்றன, அதை வைத்துத்தான் 2018இல் சாரதிகளுக்கான குறைந்தபட்சக் கொடுப்பனவை அங்கே கணக்கிட்டார்கள். வேலணைக்கும் காரைநகருக்கும் இரவில் யாருக்கு வண்டி கிடைக்கிறது, யாருக்கு மறுக்கப்படுகிறது என்பது இன்று கம்பனியின் கணினிக்கு மட்டும் தெரிந்த விடயம். இரவு பஸ் எங்கே ஓட வேண்டும் என்று திட்டமிட வேண்டிய உங்களுக்கு அது தெரியாது.

தரிப்பிடங்களைத் திறந்துவிடுவது உள்ளூராட்சி மன்றங்களின் வேலை. வைத்தியசாலை வாசலிலும் புகையிரத நிலையத்திலும் எந்த வண்டியும் வந்து ஏற்றக்கூடிய ஓர் இடம் கோடு போட்டு ஒதுக்கப்பட வேண்டும். தரிப்பிடத்தில் வரிசையில் நிற்பவர்களுக்கு இன்று செலுத்தும் பணத்துக்குப் பதிலாக ஏதாவது கிடைக்கவும் வேண்டும்: கூரை, குடிநீர், கழிவறை. தொலைபேசித் திரையைப் பாவிக்கத் தெரியாத எங்கள் பெரியவர்கள் அழைப்பதற்கு ஒரு சாதாரண தொலைபேசி இலக்கம் இருக்கட்டும். அந்த அழைப்புகள் வரிசையில் நிற்பவர்களுக்கே போகட்டும்.

அரசாங்கம் கை வைத்தால் ஓடுகிறதும் நின்றுவிடும் என்று சொல்பவர்கள் என் வீட்டிலேயே இருக்கிறார்கள். அந்த அவநம்பிக்கைக்குக் காரணம் உண்டு. கேரள அரசு 2022 ஓகஸ்டில் தானே ஒரு செயலியைத் தொடங்கியது, தொடக்கத்தில் தடுமாறியது. அதே ஆண்டு நவம்பரில் பெங்களூரில் ஓட்டோச் சாரதிகளின் சங்கத்தோடு சேர்ந்து நம்ம யாத்ரி என்ற செயலி வந்தது. பயணத்துக்குப் பயணம் கொமிஷன் எடுப்பதில்லை, சாரதிகள் நாளுக்கு ஒரு சிறு தொகை கட்டினால் போதும் என்ற முறையில் அது வேரூன்றியது. ஆகவே அரசாங்கமே செயலி எழுத வேண்டும் என்று நான் கேட்கவில்லை. விதியை நீங்கள் எழுதுங்கள். அந்த விதிக்குள் பிக்மீ ஓடட்டும், ஊபர் ஓடட்டும், யாழ்ப்பாணத்துச் சாரதிகளின் சங்கங்கள் ஒன்றுகூடித் தங்களுக்கென ஒன்றைத் தொடங்கினால் அதுவும் ஓடட்டும். கணினி படித்த பிள்ளைகள் இந்த ஊரில் குறைவில்லை.

நல்லூர்த் திருவிழா 25 நாள். வீதிகள் மூடப்படும், வெளிநாடுகளிலிருந்து உறவுகள் வந்து இறங்குவார்கள், ஓட்டோவுக்கு ஆளுக்கொரு விலை சொல்லப்படும். அடுத்த கொடியேற்றத்துக்கு முன்னர் கட்டணப் பட்டியலின் வரைவையாவது வெளியிடுங்கள். அதைப் பற்றிப் பேச ஒரு பொதுக் கூட்டம் வையுங்கள். சாரதிகள் சவாரியை விட்டுவிட்டு வரவேண்டியிருப்பதால் அதை வேலை நாளின் நடுப்பகலில் வைக்காதீர்கள். தரிப்பிடச் சாரதிகளையும் செயலிச் சாரதிகளையும் ஒரே கூட்டத்துக்கு அழையுங்கள், கம்பனிகளின் பொறுப்பான அதிகாரிகளும் வரட்டும், தமிழில் பதில் சொல்லட்டும். நான் வருவேன், அம்மாவையும் கூட்டி வருவேன்.

இப்படிக்கு,
கொக்குவிலிலிருந்து ஒரு பயணி